மடக்குக் கத்தியா, மல்டி டூலா: சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் எது பொருந்தும்?

அன்றாடம் பையில் வைத்துக்கொள்ள ஒரு கத்தி வேண்டும் என்று கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கூர்மையைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். ஆனால் புதிதாக இருக்கும்போது எந்தக் கத்தியும் தாளை அழகாகவே வெட்டும். மழுங்கிய பிறகு வீட்டில் இருக்கிற கல்லிலேயே அதை மறுபடி தீட்ட முடிகிறதா, மடங்கும் இடத்தில் ஆட்டம் கொடுக்காமல் இருக்கிறதா, கீழே சேலத்தின் வியர்வையையும் மேலே மலையின் பனியையும் தாங்குகிறதா என்பவற்றைப் பொறுத்துத்தான் ஒரு கத்தியை நம்பலாமா என்பது தெரியும். விலை குறைந்ததா, கூடுதலா என்பதையும் இவற்றோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருப்பவருக்கு உர மூட்டையின் தையலைப் பிரிப்பது, நைலான் கயிற்றை அறுப்பது, தண்ணீர்க் குழாயை அளவு பார்த்து வெட்டுவது, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடியின் பழைய கட்டை அவிழ்ப்பது, நடுவில் ஒரு கமலா ஆரஞ்சையோ பட்டர் ஃப்ரூட்டையோ நறுக்கிச் சாப்பிடுவது என்று நாள் ஓடும். கீழே சேலத்தில் இருப்பவருக்குப் பார்சல் பெட்டி, நூல் கோன் வந்த அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பட்டை, தளர்ந்துபோன ஸ்க்ரூ ஆகியவையே மிகுதி. கிளை கழிக்கும் கவாத்து வேலையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்குக் கவாத்துக் கத்தரியும் கொடுவாளும் இருக்கின்றன. பையில் அடங்கும் எந்தக் கத்தியும் அவற்றின் வேலையைச் செய்யாது, செய்ய வைத்தால் கத்தியும் கையும் சேர்ந்து கெடும்.

இரும்பைப் பற்றிச் சொல்லாமல் கத்தியை ஒப்பிட முடியாது. சேலத்துக்காரர்களுக்கு உருக்காலையின் பெயரால் எவர்சில்வர் மீது ஒரு தனி நம்பிக்கை உண்டு, அது நியாயமானதுதான். ஆனால் டம்ளருக்கும் தட்டுக்கும் உகந்த 304 வகை எவர்சில்வரில் கரிமம் மிகக் குறைவு. அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கடினமாகாது, ஆகவே கூரும் நிற்காது. கத்திக்கு வேண்டியது குரோமியமும் போதிய கரிமமும் சேர்ந்து, சூடேற்றிக் குளிரவைத்துப் பதம் ஏற்றக்கூடிய வேறொரு வகை. கடையில் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஓரளவு புரியும்: காந்தம் ஒட்டாத அலகு கத்திக்கு உதவாத இரும்பு என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம். ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று ஆகிவிடாது, ஏனென்றால் பதம் ஏறாத 430 போன்ற எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும்.

இனி கத்திகளுக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் 1884-இல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்தது. இன்று உலகமெல்லாம் தெரிந்த சிவப்புக் கத்தியின் மூல வடிவம் 1897-இல் பதிவானது. அதன் 91 மில்லிமீட்டர் வரிசையில் ஸ்பார்ட்டன், டிங்கர் என்ற இரண்டும் நடுத்தர விலையில் கிடைப்பவை. இரண்டிலும் பெரிய அலகு ஒன்று, சிறிய அலகு ஒன்று, டப்பாத் திறப்பான், பாட்டில் திறப்பான், முதுகுப்புறத்தில் ஒரு குத்தூசி, கைப்பிடிக்குள் ஒரு முள்வாங்கி ஆகியவை உண்டு. வேறுபாடு ஒன்றுதான். ஸ்பார்ட்டனில் பாட்டிலின் தக்கையைத் திருகி எடுக்கும் சுருள் இருக்கும்; டிங்கரில் அந்த இடத்தில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். இறுகிப்போன கயிற்று முடிச்சை அவிழ்க்க அந்தச் சுருள் நன்றாகவே உதவும் என்றாலும், நம் வீடுகளில் சுவிட்ச் பாக்ஸ் முதல் மிக்சி வரை ஸ்டார் ஸ்க்ரூதான் என்பதால் டிங்கரே இங்கே பொருத்தம்.

டிங்கரின் எடை ஏறத்தாழ 60 கிராம். வேட்டி மடிப்பில் வைத்தாலும் சட்டைப்பையில் வைத்தாலும் தொங்காது. அலகின் கடினம் ராக்வெல் அளவில் 56 அளவுக்கு இருக்கும்படிதான் அந்த நிறுவனம் பதம் வைக்கிறது. கத்தி விரும்பிகளில் சிலர் இதை மென்மை என்று குறை சொல்வார்கள். எனக்கு இதுவே அதன் பெரிய பலமாகப் படுகிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல்லில், தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் இழுத்தால் கூர் திரும்பி வந்துவிடும். கல் இல்லாவிட்டால், பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு பூசாமல் சொரசொரவென்று இருக்கும் விளிம்பில் இழுத்தாலும் போதும். இதைவிடக் கடினமான இரும்பு கூரை அதிக நாள் வைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அது மழுங்கும் நாளில் சாதாரணக் கல் அதன் மேல் மெதுவாகவே ஏறும், வைரத்தூள் பூசிய தகடு தேவைப்படும்.

டிங்கரின் குறை அதற்குப் பூட்டு இல்லாததுதான். உள்ளே இருக்கும் முதுகு வில்தான் அலகை நிமிர்த்திப் பிடித்திருக்கிறது. இழுத்து வெட்டும் வரை ஒன்றும் ஆகாது. முனையால் குத்தினால் அலகு விரல் மேல் மடங்க வாய்ப்புண்டு. கோணியில் துளை போட வேண்டுமானால் முதுகுப்புறக் குத்தூசியைக் கையாள்வதே முறை. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு, சற்றுக் கூடுதல் விலை கொடுக்க முடியுமானால், இதே நிறுவனத்தின் ஃபார்மர் இன்னும் பொருந்தும். அலுமினியக் கைப்பிடி, சற்றுத் தடித்த அலகு, அதோடு ஒரு சிறு ரம்பம். விரல் பருமன் உள்ள பச்சைக் கிளையை அந்த ரம்பம் சிரமமில்லாமல் அறுத்துவிடும்.

அடுத்தது ஒப்பினெல். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவாயில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் உருவாக்கிய இந்தக் கத்தி, ஒரு மரக் கைப்பிடி, ஒரு அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம் என்ற அளவில் எளிமையானது. 1955-இல் சேர்க்கப்பட்ட அந்த வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். எட்டாம் எண் அளவில் அலகு 8.5 சென்டிமீட்டர், முழுக் கத்தியும் டிங்கரைவிட எடை குறைவு. வெட்டுவதை மட்டும் பார்த்தால் இந்த ஒப்பீட்டில் இதற்கு இணை இல்லை. அலகு மெல்லியது, முதுகிலிருந்து கூர் வரை சீராகச் சரிவது. பட்டர் ஃப்ரூட்டைக் கொட்டையைச் சுற்றி வெட்டும்போதும், பழுத்த மல்கோவாவில் தோலைத் தாள் போல் சீவும்போதும், டிங்கர் சதையைக் கொஞ்சம் நசுக்கும். ஒப்பினெல் நசுக்காமல் இறங்கும்.

ஆனால் மலையில் அதற்கு இரண்டு தொல்லைகள். கைப்பிடி மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். ஏற்காடு 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் பனி வீட்டுக்குள்ளேயே புகுந்து துணியெல்லாம் நமுத்துப்போகும் நாட்களில், அலகு கைப்பிடிக்குள் இறுகி நகத்தால் இழுத்தாலும் வராது. கைப்பிடியின் அடிப்பகுதியை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினால் அலகின் முனை சற்று எழும்பும், பிறகு பிடித்து இழுக்கலாம். சவாய்க்காரர்களே கையாளும் வழி இது. மூட்டு மரத்தில் ஆளிவிதை எண்ணெய் ஊறவைத்து, ஒரு நாள் காயவிட்டால் உப்புவது குறையும். இரண்டாவது தொல்லை துரு. இந்தக் கத்தி கார்பன் எஃகிலும் எவர்சில்வரிலும் கிடைக்கிறது. கார்பன் அலகால் ஆரஞ்சை வெட்டினால் சில நிமிடங்களில் நீலமும் சாம்பலுமாகக் கறை படரும். அந்தக் கறை கெடுதல் செய்யாது. ஈரத்தோடு மடக்கி வைத்தால் மறுநாள் காலை தெரியும் செம்பழுப்புப் புள்ளிதான் கெடுதல். துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவருக்குக் கார்பன் அலகு அருமையானது. மற்றவர்கள் எவர்சில்வர் அலகையே எடுக்கட்டும். அது கூரில் பெரிதாகக் குறைந்ததில்லை. பலாச்சுளை எடுத்த பிறகு எந்த அலகானாலும் பிசினைத் தேங்காய் எண்ணெய் கொண்டே துடைக்க வேண்டும், தண்ணீருக்கு அது மசியாது.

மல்டி டூல் என்றதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் டிம் லெதர்மேன் 1983-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. இதன் நடுநாயகம் கட்டிங் பிளேயர். அலகு, ரம்பம், அரம், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் அதன் கைப்பிடிக்குள் மடங்கிக் கிடக்கும். வேவ் பிளஸ் என்ற புகழ்பெற்ற மாதிரியின் எடை 241 கிராம், அதாவது டிங்கரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. சட்டைப்பையில் வைக்க முடியாது, உறையில் போட்டு இடுப்பில் மாட்ட வேண்டும். நம் ஊரில் இதன் விலை பத்தாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. 25 ஆண்டு உத்தரவாதம் என்பது பெரிய விஷயந்தான்.

இவ்வளவு பணம் யாருக்குத் தகும்? கொண்டலாம்பட்டியில் தறிகளுக்கு இடையே நாள் முழுதும் நட்டும் கம்பியுமாக அலையும் மெக்கானிக்குக்கும், சங்ககிரிப் பக்கம் லாரியோடு வெளியூர் போகிறவருக்கும், சரிவான தோட்டத்தில் பம்ப் செட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே அரை மணி நேரம் நடக்க வேண்டியவருக்கும் தகும். தினம் ஒருமுறையாவது பிளேயர் கையில் வேண்டும் என்கிறவர்கள் இவர்கள். மற்றவர்களுக்கு, ஒரு நல்ல டிங்கரையும், வீட்டில் ஒரு தனிக் கட்டிங் பிளேயரையும் சேர்த்து வாங்கினாலும் மீதிப் பணம் கையில் நிற்கும். தனிப் பிளேயரின் பிடிமானமும் மடங்கும் பிளேயருக்கு வராது. இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: மல்டி டூலின் கைப்பிடி முழுவதும் வெறும் உலோகம். மோட்டார் ஸ்டார்ட்டரிலோ ஃபியூஸ் கேரியரிலோ மின்சாரம் இருக்கும்போது அதைக் கொண்டு தொடுவது உயிருக்கு ஆபத்து. அந்த வேலைக்கு, மின்சாரத்தை நிறுத்திய பிறகும், மின்காப்பு உறை போட்ட பிளேயரும் டெஸ்டரும் மட்டுமே.

சில நூறு ரூபாய்க்குப் ‘ஒன்றில் பதினொன்று’ என்று விற்கும் பெயரில்லாத கத்திகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஸ்க்ரூ டிரைவரின் முனை இரண்டாவது இறுகிய ஸ்க்ரூவிலேயே உருண்டுவிடும், ஆணிகள் தளர்ந்து அலகு பக்கவாட்டில் ஆடும், பூட்டு இருப்பது போலத் தோன்றி அழுத்தினால் விட்டுவிடும். பூட்டை நம்பிக் கை வைத்தவருக்குப் பூட்டே இல்லாத கத்தியைவிட அதில்தான் ஆபத்து மிகுதி. பணம் அவ்வளவுதான் இருக்கிறது என்றால், மடங்காத ஒரு சிறு காய்கறிக் கத்தியை உறையோடு வாங்குவது மேல்.

நம் ஊர்க் கொல்லர்களைக் குறிப்பிடாமல் போவது நியாயமாகாது. கஞ்சமலையில் காந்த இரும்புத்தாது கிடைக்கும் மாவட்டம் இது. 19-ஆம் நூற்றாண்டில் சேலத்துக் கொல்லர் அருணாசலம் அடித்த வேட்டைக் கத்திகளை வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் தேடி வாங்கினார்கள். இன்றும் லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்துப் பதம் வைத்த கத்தி, கொத்துவதற்கும் பிளப்பதற்கும் கடைக் கத்தியைத் தோற்கடிக்கும், உடைந்தால் அடித்தவரிடமே திரும்பக் கொண்டுபோகலாம். ஆனால் நுட்பமான மடக்கு மூட்டு பட்டறை வேலைக்கு எளிதில் வசப்படுவதில்லை. அலகும் தடிமனாக இருப்பதால் பழம் நறுக்க உதவாது. தோட்டத்தில் இருப்பவர் இடுப்புக்குக் கொல்லர் கத்தியையும் பைக்கு டிங்கரையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு.

எந்தக் கத்தியை வாங்கினாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது சாணை. தெருவில் சைக்கிள் சக்கரத்தில் கல் சுழற்றிச் சாணை பிடிப்பவரிடம் அரிவாளையும் அரிவாள்மனையையும் தாராளமாகக் கொடுக்கலாம். மெல்லிய மடக்குக் கத்தியைக் கொடுக்கும்போது கவனம் வேண்டும். உலர்ந்த கல் வேகமாகச் சுழலும்போது கூரின் ஓரம் மட்டும் நொடியில் சூடேறிவிடும். கார்பன் எஃகில் 300 டிகிரி செல்சியஸ் அளவில் நீல நிறம் பாயும். அந்த நீலம் தெரிந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அன்று மாலை கத்தி பளிச்சென்று வெட்டும், வாரம் முடிவதற்குள் மழுங்கும், மறுபடி சாணைக்குப் போகும், அலகு தேய்ந்து குறுகும். ‘லேசாப் புடிங்கண்ணா, தண்ணி தொட்டுத் தொட்டுப் புடிங்க’ என்று சொன்னால் சாணைக்காரர்கள் மறுப்பதில்லை. அதைவிட நல்லது, கல்லில் பக்கத்துக்கு இருபது டிகிரிக்கு மிகாத சாய்வில் நாமே இழுத்துக்கொள்வது.

சட்டம் குறித்து ஒரு சொல். ஆயுத விதிகளில் உரிமம் கேட்கும் கத்திகள், 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகு கொண்டவை. வீட்டு, வேளாண், தொழில் பயன்பாட்டுக்காகச் செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. மேலே சொன்ன மடக்குக் கத்திகள் எதுவும் அந்த அளவை நெருங்குவதில்லை. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியை மட்டும் வாங்கவே வேண்டாம். வேலைக்கும் அது உதவாது, போலீஸ் சோதனையில் வீண் விளக்கம் சொல்ல வேண்டிவரும். காமலாபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள் எந்தக் கத்தியையும் கைப்பையில் வைக்காமல், செக்-இன் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

விக்டோரினாக்ஸ் என்றாலே போலிகளும் உண்டு என்பதால், பெரிய அலகின் அடிப்பகுதியில் நிறுவனத்தின் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கிறதா என்று பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். கடையிலேயே எல்லா அலகுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மடக்குங்கள். ஒவ்வொன்றும் பாதி வழியில் வில்லின் இழுப்பை உணர்த்தி, முடிவில் ‘டக்’ என்று உட்கார வேண்டும். அலகை விரித்துப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள். மடக்கிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அலகின் முனை கைப்பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் வேறொன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.