மேசைக்கு அடியில் இருக்கிற செருப்புப் பெட்டியைக் கேளுங்க

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மீனாட்சி பஜார். செல்போன் கவரும் சார்ஜரும் தொங்குற கடைகளுக்கு நடுவுல இன்னமும் சிடி, டிவிடி விக்கிற சின்னக் கடை ஒண்ணு இருக்கு. போர்டு கிடையாது. டெம்பர் கிளாஸ் ஒட்டுற பையன்கிட்ட "பழைய சிடிக்காரர் எங்கப்பா"ன்னு கேட்டா கை காட்டுவான்.

நான் செல்லூர்ல டிவி ரிப்பேர் பாக்குறவன். ஸ்பேர் வாங்கப் போற சாக்குல வருசக்கணக்கா அந்தக் கடையில நிக்கிறேன். முன்னாடி அடுக்கியிருக்கிறது எம்.ஜி.ஆர்., சிவாஜி, பக்திப் பாட்டு. பாரதிராஜா படம் கேட்டா '16 வயதினிலே', 'முதல் மரியாதை' ரெண்டையும் எடுத்துப் போடுவார். அதைத்தான் டிவியிலயே பாத்தாச்சே. "ஓடாத படம் இருக்கான்ணே"ன்னு கேளுங்க. மேசைக்கு அடியிலருந்து ஒரு செருப்புப் பெட்டி வெளிய வரும்.

"ஓடாததுன்னு சொல்லாதீக தம்பி. ஓட்டாம விட்டுட்டாய்ங்க" என்பார். அல்லிநகரத்துக்காரரை, அதான் பாரதிராஜாவை, குறை சொன்னா அவருக்கு ஆகாது.

எல்லாம் ஒரிஜினல் கவர். பென் டிரைவ்ல ஏத்திக் குடுக்கிற சோலியே இல்ல.

முதல்ல வாங்கினது 'நிழல்கள்'. ஹோம் தியேட்டர் சரி பண்ணி முடிச்சா, பேஸ் கேக்குதான்னு பாக்க நான் போடுற பாட்டே அதுல வர்ற 'மடை திறந்து'தான். வைரமுத்துவோட முதல் பாட்டான 'பொன்மாலைப் பொழு'தும் அதுல இருக்கு. பாட்டு தெரியாத ஆள் இல்ல, படம் பாத்த ஆளைத்தான் தேடணும். வேலை இல்லாத பையன்கள் கதை. 1980 தீபாவளிக்கு வந்துச்சு. அன்னைக்கே பாலசந்தரோட 'வறுமையின் நிறம் சிவப்பு', அதுவும் வேலையில்லாத பையன்கள் கதை. அது ஓடிருச்சு. இது ரவிங்கிற நடிகர் பேருக்கு முன்னாடி மட்டும் மிச்சம் நிக்குது. கடைசி வரைக்கும் யாருக்கும் விடியாத படம். பலகாரம் தின்னுட்டு வந்த கூட்டத்துக்கு அது எப்படி இறங்கும்?

'காதல் ஓவியம்' பாட்டுக்காக வாங்கலாம். பார்வை இல்லாத பாடகன் கதை. இளையராஜா எங்கயோ தூக்கிட்டுப் போறார், ஹீரோவால கூடவே போக முடியல. அவ்வளவுதான்.

'என் உயிர்த் தோழன்' வேற. 1990ல வந்த படம். குப்பத்துல இருந்துக்கிட்டு, கட்சி கட்சின்னு அலையிற ஒரு தொண்டன். பாபுன்னு புதுப் பையன். பின்னாடி வேற ஒரு படத்துல சண்டைக் காட்சியில முதுகெலும்பு அடிபட்டு முப்பது வருசம் படுக்கையிலயே கிடந்து 2023ல இறந்தாரே, அவர்தான். தட்டு ஓடுதான்னு என் ரிப்பேர் கடையில போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க தெருக்காரர் ஒருத்தர் ரிப்பேருக்குக் குடுத்த டிவியை வாங்க வந்தார். இருபத்தஞ்சு வருசமா கொடி கட்டுறவர், எனக்கு மூணு ரிப்பேர் காசு பாக்கி. நின்னுக்கிட்டே பாத்தார், அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தார். கையில இருந்த டீ ஆடை கட்டிப்போச்சு. படம் முடிஞ்சதும் எதுவும் பேசல. சட்டைப் பையில இருந்து முந்நூறு ரூபாயை எடுத்து மேசையில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். டிவியை மறுநாள் நானே கொண்டு போய்க் குடுத்தேன்.

சிடிக்காரர் கடை மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 'அந்திமந்தாரை', 1996க்கான தேசிய விருது வாங்கின தமிழ்ப் படம், விஜயகுமார் வயசான தியாகியா வர்றது. விசிடி, ரெண்டு தட்டு, எம்பது ரூபா. விசிடியில இடைவேளை டைரக்டர் விட்ட இடத்துல வராது, தட்டு தீர்ந்த இடத்துல வரும், அதைப் பொறுத்துக்கலாம். ரெண்டாவது தட்டு நாப்பதாவது நிமிசத்துல நின்னுருச்சு. லென்ஸைத் துடைச்சேன், மூணு பிளேயர்ல மாத்திப் போட்டேன், அதே இடம். திருப்பிக் கொண்டு போனா, "பழசுக்கு ஏது தம்பி கேரண்டி"ங்கிறார். பாதிக் காசு தர்றேன்னார். வாங்கல, அந்தத் தட்டைக் குடுக்க மனசில்ல. வேற காப்பி வந்தா எடுத்து வைக்கிறதாச் சொல்லியிருக்கார்.

அதனால வாங்கும்போதே வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஊசி ஓட்டை மாதிரி புள்ளி தெரிஞ்சா வேணாம். நடுவுலருந்து வெளிய போற குறுக்குக் கீறல் பரவாயில்ல, வட்டத்தோட வட்டமா ஓடுற கீறல்தான் ஆகாது. அவர் கடையில பிளேயர் இல்ல, போட்டுக் காட்ட மாட்டார்.

போன வாரம் பாத்தப்ப பெட்டியில 'என் உயிர்த் தோழன்' இன்னும் ஒண்ணு இருந்துச்சு, எடுத்துக்கங்க. 'கடல் பூக்கள்' மேல மட்டும் கை வைக்காதீங்க. இருபது ரூபா அட்வான்ஸ் குடுத்து வச்சிருக்கேன்.