"யாரும் பிரிக்காத வெள்ளி ரோல்" வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

அமெரிக்காவில் இருந்துகொண்டு வங்கிக் காயின் ரோல்களில் (காகிதத்தில் உருளையாகச் சுற்றிய ஒரே வகைக் காசுகள்) பழைய காசு, வெள்ளிக் காசு தேடும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வங்கியில் வாங்கித் தேடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. 10 டாலருக்கு 20 அரை டாலர்கள். வெள்ளி சிக்காவிட்டால் அதே 10 டாலருக்குத் திருப்பிப் போட்டுவிடலாம், போவது நம் நேரம்தான். நான் சொல்ல வந்தது ஆன்லைனில் விற்கும் ரோல்களைப் பற்றி. "1960களில் வங்கியில் சுற்றியது, இன்றுவரை யாரும் பிரிக்கவில்லை" என்று போட்டிருப்பார்கள்.

அப்படி ஒரு அரை டாலர் ரோல் 85 டாலருக்கு வாங்கினேன். பழுப்பேறிய காகிதம், அதன் மேல் ஏதோ ஒரு வங்கியின் அச்சு. ஒரு முனையில் 1947 வரை அடித்த 'வாக்கிங் லிபர்ட்டி' அரை டாலர், மறு முனையில் 1948 முதல் 1963 வரை வந்த, ஃபிராங்க்ளின் உருவம் போட்ட அரை டாலர். இரண்டுமே 90 சதவீத வெள்ளி. இரு முனையிலும் வெள்ளி தெரிந்தால் நடுவில் இருப்பதையும் மனசு வெள்ளி என்றே எண்ணிக்கொள்ளும். விற்பவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

பிரித்தால், அந்த இரண்டு போக மீதி 18ம் கென்னடி உருவம் போட்ட அரை டாலர்கள். எல்லாம் 1971க்குப் பிறகு வந்த செம்பு-நிக்கல் காசுகள், வெள்ளி பொட்டுகூடக் கிடையாது. விளிம்பைத் திருப்பினால் நடுவில் செம்புக் கோடு பளிச்சென்று ஓடுகிறது. அதில் ஒன்றில் 1776–1976 என்று இரட்டை ஆண்டு, பின்பக்கம் பிலடெல்ஃபியாவின் சுதந்திர மண்டபம். நாட்டின் 200ஆவது ஆண்டுக்காக அடித்த காசு 1960களில் சுற்றிய ரோலுக்குள் எப்படிப் போனது? புளுகுவதையாவது ஒழுங்காகச் செய்யக் கூடாதா?

விற்பவருக்குப் படத்தோடு எழுதினேன். "நான் பிரிக்கவில்லை, எனக்கு விற்றவர் என்ன செய்தாரோ தெரியாது" என்று பதில். பணத்தைக் கேட்டதற்கு, பிரித்த ரோலைத் திரும்ப எடுப்பதில்லையாம். ஆக, பிரிக்காதவரை ஏமாந்தது தெரியாது, பிரித்துவிட்டால் பணம் வராது! தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் அசையவில்லை.

இந்த வேலை ரொம்ப சுலபம். பழைய வங்கிக் காகித உறைகள் காலியாகவே விலைக்குக் கிடைக்கின்றன. முனையை மடித்து அழுத்தும் கருவியும் கிடைக்கிறது. என் ரோலில் காகிதம் முழுக்கப் பழுப்பு, ஆனால் முனை மடிப்பு மட்டும் புதுசாக, உள்பக்க வெள்ளை தெரிய இருந்தது. பென்னி (ஒரு சென்ட்) ரோல்களிலும் இதே கதைதான். முனையில் ஒரு பழைய 'இந்தியன் ஹெட்' சென்ட் தெரியும், உள்ளே சல்லிசான, பின்பக்கம் கோதுமைக் கதிர் போட்ட சென்ட்கள்.

விலையையும் யோசித்துப் பாருங்கள். 20ம் 90 சதவீதமாக இருந்தால் அதில் ஏழு ட்ராய் அவுன்ஸுக்கு (வெள்ளி, தங்கத்தை நிறுக்கும் அளவு, ஒன்று சுமார் 31 கிராம்) மேல் வெள்ளி இருக்கும். அதை உருக்கினாலே 85 டாலரைவிட எவ்வளவோ அதிகம் வரும். அதை யாராவது பிரித்துக்கூடப் பார்க்காமல் நமக்குத் தூக்கிக் கொடுப்பார்களா? நிஜமாகவே யாரும் பார்க்காத ரோல், முகமதிப்புக்கு வங்கிக் கவுண்டரில்தான் கிடைக்கும். அங்கேயும் நமக்கு முன்னால் ஒருவர் அலசிவிட்டுத் திருப்பிப் போட்டது வரலாம், ஆனால் அதற்கு யாரும் கூடுதல் காசு கேட்பதில்லை.

ஏற்கெனவே வாங்கி இன்னும் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் முதலில் சமையலறைத் தராசில் போடுங்கள். 90 சதவீத அரை டாலர் ஒன்று 12.5 கிராம், ரோல் 250 கிராம். செம்பு-நிக்கல் ஒன்று 11.34 கிராம், ரோல் சுமார் 227. என் ரோல் மாதிரி முனையில் மட்டும் இரண்டு வெள்ளி வைத்தால் 229 வரும், காகிதத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். 1965–1970 கென்னடிகள் 40 சதவீத வெள்ளி, ஒன்று 11.5 கிராம், ரோல் 230. ஆகவே அதைச் செம்பு-நிக்கலிலிருந்து தராசு வேறுபடுத்திக் காட்டாது. கால் டாலர் ரோலுக்கும் இதே 250, 227 கணக்குதான். டைம் (10 சென்ட் காசு) ரோல் என்றால் 125, 113.

எடை குறைந்தால் பிரிக்காதீர்கள். தராசில் எண் தெரியும்படி வீடியோ எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அப்படியே அனுப்பிவிடுங்கள்.