அரைவட்டமா, தட்டை வளைவா? அல்காந்தராவும் ஆன்ஜியும்

ஸ்பெயினின் தாகஸ் ஆற்றில் ரோமர்கள் கி.பி. 106 வாக்கில் கட்டிய அல்காந்தரா பாலம் ஆறு அரைவட்ட வளைவுகள் கொண்டது. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் கட்டடக் கலைஞர் லி சுன் 605 வாக்கில் முடித்த ஆன்ஜி பாலத்துக்கு ஒற்றைத் தட்டை வளைவு, அதாவது அரைவட்டத்தைவிடத் தாழ்ந்த வில்.

அரைவட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் சரிபாதி. ஆன்ஜியின் 37 மீட்டரை அப்படித் தாண்டினால் உச்சி 18.5 மீட்டருக்குப் போகும். பார வண்டிகள் ஏறித் திணறும். லி சுன் 7.2 மீட்டரில் முடித்தார். அல்காந்தராவுக்கு அந்தக் கவலையில்லை, பள்ளத்தாக்கே ஆழம்.

தட்டையாக்கினால் பக்கவாட்டு உந்தல், அதாவது வளைவு தன் தாங்கிகளை வெளியே தள்ளும் விசை, கூடும். ஒரே அகலம், ஒரே சீரான பாரம் என்றால், ஆன்ஜி வடிவில் உந்தல் அரைவட்டத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வளைவின் முனை ஊன்றியிருக்கும் கரைத்தாங்கி சற்று விலகினாலும் உச்சி இறங்கும், கல் இணைப்புகள் வாய்பிளக்கும். அதனால்தான் வளைவின் தோள்களில் நான்கு சிறு வளைவுகள் திறந்திருக்கின்றன: எடையும் குறைந்தது, வெள்ளத்துக்கும் வழி கிடைத்தது. அந்த ஒரு முடிவுக்காகவே லி சுன்னைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

பலவீனம் வேறிடத்தில். ஆன்ஜியின் வளைவு 28 தனித்தனிக் கல் விலாக்களால், அதாவது பக்கம்பக்கமாக நிற்கும் ஒடுங்கிய வளைவுகளால், ஆனது. ஒரே சாரத்தை நகர்த்தி நகர்த்திக் கட்டலாம். ஆனால் ஓர விலாக்கள் வெளிப்பக்கம் சாயும். இரும்புப் பிடிகள் இருந்தும் சில விழுந்தன, 1950-களில் சீரமைத்தார்கள்.

அல்காந்தராவின் கருங்கற்கள் சாந்தின்றி அடுக்கப்பட்டவை. 1809-இல் போரில் ஒரு வளைவைத் தகர்த்தபோது, பக்கத்து வளைவுகளின் ஒருபக்க உந்தலைத் தடித்த தூண்கள் தனியாகவே தாங்கி நின்றன.