மெக்ரோரியா, கல்லாகரா?

இருவரும் ஸ்காட்லாந்துக் கால்பந்தின் சென்டர் ஃபார்வர்டுகள், அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிப்பவர்கள். யார் பெரியவர் என்பதுதான் கேள்வி. ஹியூ கல்லாகர் 1925இல் இங்கிலாந்துக்குப் போனார். ஐந்தடி ஐந்தங்குல உருவம். அங்கே நியூகாசில் கிளப்பின் கேப்டனாக 1926–27 சீசனில் 36 லீக் கோல் அடித்து, சாம்பியன் பட்டம் வென்று தந்தார். 1930இல் 10,000 பவுண்டுக்கு அவரை செல்சி கிளப்புக்கு விற்றுவிட்டார்கள். பின்னர் கிளப் கிளப்பாக மாறினார்.

ஜிம்மி மெக்ரோரியை 1928இல் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் கேட்டது. மாட்டேன் என்று தன் ஸ்காட்லாந்து கிளப்பான செல்டிக்கிலேயே இருந்துவிட்டார். அதே ஆண்டு ஜனவரியில் டன்ஃபெர்ம்லினுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் எட்டு கோல்! 1935–36இல் 50 லீக் கோல். தேசிய அணியில் மட்டும் ஏழே ஆட்டங்கள், கல்லாகருக்கு இருபது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கால்வித்தையில் கல்லாகர்தான். ஆனாலும் என் மனசு மெக்ரோரி பக்கம்.