முழங்கை மடங்கியே நின்றுவிட்டால்: தோல் ஒட்டா, ஃபிளாப்பா?

தீக்காயம் ஆறியபின் முழங்கையின் உள்மடிப்பில் தழும்பு சுருங்கி இழுத்தால் கை நீளாது. தழும்பை வெட்டி விடுவித்ததும் அங்கே பெரிய பள்ளம் திறக்கும். அதை எதைக் கொண்டு மூடுவது?

தோல் ஒட்டு எளிது. தொடையிலிருந்து சீவியெடுத்து வைக்கலாம், பரப்பு பெரிதானாலும் சமாளிக்கலாம். ஆனால் அது மறுபடி சுருங்கும். மெல்லியதாக எடுத்தால் இன்னும் அதிகம். மாதக்கணக்கில் ஸ்ப்ளிண்ட் (கையை நீட்டியே வைக்கும் தாங்கு கட்டு) கட்டியாக வேண்டும். உறை உரிந்த தசைநாண்மேல் ஒட்டு பிடிக்காது.

ஃபிளாப் என்பது அருகிலிருந்து முழுக்க அறுத்தெடுக்காமல் திருப்பி வைக்கும் தோல் மடல். அதில் தோலோடு அடிக்கொழுப்பும் ரத்த ஓட்டமும் சேர்ந்தே வருகின்றன. கையின் பெரிய தமனியும் நரம்பும் ஓடும் இடத்துக்கு இந்த மெத்தென்ற மூடல் மிக முக்கியம். சுருக்கமும் குறைவு, வளரும் குழந்தைக்கு இது பெரிய வரம். ஆனால் அருகில் தீப்படாத தோல் வேண்டும், நுனிக்கு ரத்தம் போதாமல் அழுகவும் கூடும்.

கயிறுபோல் ஒற்றைப் பட்டை மட்டும் இழுத்தால் இசட்-பிளாஸ்டியே (தழும்பை Z வடிவில் வெட்டி நீட்டும் முறை) போதும். 60 டிகிரி முக்கோணங்களை இடம் மாற்றினால், கணக்குப்படி நீளம் சுமார் 75% கூடும்.

பக்கத்தில் நல்ல தோல் இருந்தால் என் வாக்கு ஃபிளாப்புக்கே. இல்லையென்றால் தடித்த ஒட்டு, கூடவே விடாத பிசியோதெரபி.