தூதரக வர்த்தகக் கந்தோர்: திருந்துவதற்கு முன்னும் பின்னும்

மருதமுனைத் தறிகளில் நெய்த பருத்தி மேசை விரிப்புகளை மட்டக்களப்பிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் சின்ன வியாபாரம் என்னுடையது. 2017 மே மாதம் ஜி.எஸ்.பி. பிளஸ் (ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதித் தீர்வையில் தரும் சலுகை) திரும்பக் கிடைத்த கையோடு தொடங்கினேன். அன்றிலிருந்து ஐரோப்பியத் தலைநகர் ஒன்றில் நம் தூதரகத்தோடு இயங்கும் வர்த்தகப் பிரிவோடு பழக்கம். எந்த நாடு என்பது வேண்டாம். கிழக்கிலிருந்து ஏற்றுமதியில் இறங்க நினைக்கிறவர்களுக்கு என் அனுபவம் பயன்படலாம்.

முதல் சில வருடங்கள் மோசம். இறக்குமதியாளர் பட்டியல் கேட்டால் தருவார்கள். அதில் கடையைப் பூட்டிவிட்டவர்கள் பாதி, தேயிலையைத் தவிர வேறெதுவும் தொடாதவர்கள் மீதி. ஈமெயில் போட்டால் "உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வரும். உரிய பிரிவு எது என்று கேட்டால் அந்தக் கேள்வியும் உரிய பிரிவுக்கே போகும். சாம்பிள் பார்சல் என்ன ஆனது என்று அங்கே குடியிருக்கும் மச்சானை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். கட்டுப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே கிடந்ததாம். அங்குள்ளவர்கள் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். கொழும்பிலிருந்து யாராவது பெரியவர் வந்தால் விமான நிலையம், ஹோட்டல், கடைத்தெரு எல்லாம் அவர்கள் தலையில்தான்.

கொவிட் அடங்கிய பிறகு புதிய வர்த்தக அதிகாரி வந்தார். பெரிய திட்டம் எதுவும் அறிவிக்கவில்லை. வருகிற ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு இலக்கம் கொடுத்து, அது யார் கையில், எந்த நிலையில் இருக்கிறது என்பதை நாங்களும் பார்க்கக்கூடிய ஒரு அட்டவணையில் போட்டார். பட்டியலில் இருந்தவர்களுக்குக் கோல் எடுத்து, உயிரோடு இருக்கும் கம்பனிகளை மட்டும் மிச்சம் வைத்தார். பட்டியல் ஒரு பக்கமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த ஒரு பக்கத்தில்தான் எனக்கு ஆள் கிடைத்தது.

அதைவிடப் பெரிய மாற்றம், வாங்குபவர் வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று கேட்டுச் சொல்லத் தொடங்கியதுதான். முன்பெல்லாம் சாம்பிள் போகும், பிறகு பேச்சே இருக்காது. இந்த முறை காரணம் வந்தது: சாயத்துக்குப் பரிசோதனை அறிக்கை இல்லை. அசோ என்ற வகைச் செயற்கைச் சாயங்களில் சில, சிதைந்து அரோமற்றிக் அமைன்கள் என்ற தீங்கான இரசாயனங்களை வெளிவிடும். உடலில் படும் துணியில் அவை கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். நெசவு செய்து தரும் காக்காவிடம் சொன்னேன். "நம்மட சிவப்புல என்ன பிழை தம்பி, இவ்வளவு காலமும் இதத்தானே போடுறம்?" என்றார். கொழும்பில் கொடுத்துச் சோதித்தால் சிவப்பில்தான் பிழை. சாயத்தை மாற்றினோம், ஓர்டர் வந்தது.

சலுகை விதிகளையும் அவர்களே ஒரு தாளில் எழுதி அனுப்பினார்கள். நூல் இந்தியாவிலிருந்து வந்தாலும் பரவாயில்லை, நெய்வதும் வெட்டித் தைப்பதும் இங்கே நடந்தால் மேசை விரிப்பு இலங்கைப் பொருள்தான். ஒரு அனுப்பலின் பெறுமதி 6000 யூரோவுக்குள் என்றால் நாமே இன்வொய்ஸில் மூலப் பிரகடனம் (பொருள் எந்த நாட்டில் உருவானது என்ற உறுதிமொழி) எழுதலாம். அதற்கு மேல் போனால் பதிவு பெற்ற ஏற்றுமதியாளராக இருக்க வேண்டும்.

2022இல் டொலர் இல்லாமல் ஒஸ்லோ, பாக்தாத் தூதரகங்களையும் சிட்னி துணைத் தூதரகத்தையும் அரசு மூடியது. எங்கள் கந்தோர் தப்பியது, கண்காட்சிக் காசுதான் வெட்டுப்பட்டது. எனக்கு அதில் கவலையில்லை. கண்காட்சியில் தேயிலையும் இரத்தினமும் முன்னால் நிற்கும், கைத்தறிக்கு மூலைதான். காசில்லாத அந்த வருடம்தான் எங்கள் வேலை அதிகம் நகர்ந்தது.

சரி, குறைகள். தமிழில் ஒரு படிவம்கூட இல்லை. அதிகாரி தவணை முடிந்து போய்விட்டார். அட்டவணை இருக்கிறது, ஆனால் புதியவர் அதைத் தொடுவது குறைவு. என் விசாரணைகள் "நடவடிக்கையில்" என்றே மாதக்கணக்காக நிற்கின்றன. அட்டவணையை யார், எத்தனை நாளுக்கொரு முறை நிரப்ப வேண்டும் என்று கொழும்பு வர்த்தகத் திணைக்களம் எழுத்தில் வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. இன்றைய நிலைக்கு ஐந்தில் மூன்று போடுவேன், பழைய அதிகாரி காலத்துக்கு நாலரை.

புதிதாக எழுதுகிறவர்கள் முதல் ஈமெயிலிலேயே பொருளின் எச்.எஸ். இலக்கம் (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண், மேசை விரிப்புக்கு 6302), அளவு, விலை, மாதம் எவ்வளவு தர முடியும் என்பது, சாய அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். பிரதி ஒன்றைத் திணைக்களத்துக்கும் போடுங்கள். பிரதி போன கடிதங்களுக்குப் பதில் கொஞ்சம் வேகமாகத்தான் வருகிறது.