கெரட்டின் ஆன்டிபாடி என்று சொல்லி வேறெதையோ அனுப்பிவிட்டார்கள், ரூ.38,500 போனது

எங்கள் லேப் கொடுத்த மூன்றாவது புகாரையும் இன்று மதியம் "தீர்வு காணப்பட்டது" என்று போட்டு மூடிவிட்டார்கள். என்ன தீர்வு? பணமும் வரவில்லை, மாற்று வையலும் (குப்பியும்) வரவில்லை. பல கம்பெனிகளின் ஆன்டிபாடிகளை (ஒரு குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் பொருள்) ஒரே இடத்தில் விற்கும் ஆன்லைன் ரீஏஜென்ட் (ஆய்வகச் சோதனைப் பொருள்) கடை அது. பெயரை இங்கே எழுதவில்லை. வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாய்ச் சவ்விலிருந்து பிரித்தெடுத்த செல்கள் எபிதீலியல் (மேற்படலச்) செல்கள்தானா என்று உறுதி செய்யத்தான் இது தேவைப்பட்டது. திசுவை டிஸ்பேஸ் என்ற என்சைமில் 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, மேல்படலத்தை உரித்து, ட்ரிப்சின் என்ற இன்னொரு என்சைம் போட்டுப் பிரித்தாலும் அடியிலிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) கொஞ்சம் கூடவே வந்துவிடும். சீரம் உள்ள மீடியத்தில் விட்டால் இரண்டு மூன்று பாசேஜில் (புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்றில்) வளர்ப்புத் தட்டு முழுவதையும் அவை பிடித்துக்கொள்ளும். எது எபிதீலியல், எது இல்லை என்று பிரித்துக் காட்ட எபிதீலியல் செல்லின் இழைப் புரதமான கெரட்டினை விட நம்பகமான அடையாளம் கிடையாது. அந்த ஆன்டிபாடியே பொய் சொன்னால் மற்ற எதை நம்புவது?

கடையின் பக்கத்தில் "பான்-கெரட்டின், ஏஇ1/ஏஇ3, 100 மைக்ரோலிட்டர்" என்று இருந்தது. ஏஇ1, ஏஇ3 என்பவை சேர்த்து விற்கப்படும் இரண்டு குளோன்கள், அதாவது தனித்தனி ஆன்டிபாடி வகைகள்; பான் என்றால் பல கெரட்டின்களைப் பிடிப்பது. கூடவே ஒரு ஹீலா (கருப்பைவாய்ப் புற்றுச் செல்) படம். சைட்டோபிளாசம் முழுக்கப் பச்சை இழைகள், வலை பின்னியது போல அவ்வளவு தெளிவு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தோம். விலை ரூ.38,500, முழுத்தொகையும் முன்பணம். வந்த பெட்டியில் ஜெல் பேக் உருகிக் கிடந்தது. வையல் லேபிளில் "ஆன்டி-கெரட்டின்" என்பதைத் தவிர குளோன் பெயர் இல்லை. லாட் (தயாரிப்புத் தொகுதி) நம்பர் டேட்டாஷீட்டில் இருந்ததோடு பொருந்தவில்லை. அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

சோதனை இப்படி: எம்சிஎஃப்-7 (மார்பகப் புற்றின் எபிதீலியல் செல்), ஹீலா, தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் மூன்றையும் கவர்ஸ்லிப்பில் (மெல்லிய கண்ணாடித் துண்டில்) வளர்த்து, மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் 10 நிமிடம் வைத்து நிலைப்படுத்தினோம். ஆன்டிபாடி 1:100, 4 டிகிரியில் இரவு முழுக்க. செகண்டரி (முதல் ஆன்டிபாடி மீது ஒட்டி ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி) மட்டும் போட்ட கவர்ஸ்லிப் இருட்டு. பக்கத்து லேபில் வாங்கிய பழைய கே18 (கெரட்டின் 18) ஆன்டிபாடி எம்சிஎஃப்-7-இல் அழகாக இழை காட்டியது, ஃபைப்ரோபிளாஸ்ட்டில் ஒன்றுமில்லை. ஆக முறையில் கோளாறு இல்லை. புது வையல் காட்டியதோ அப்படியே தலைகீழ்! எம்சிஎஃப்-7 இருட்டு. ஃபைப்ரோபிளாஸ்ட்டில் நீள நீளமான இழைகள், கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்.

புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் ப்ளாட்டும் ஓட்டினோம். செல்லை ரிப்பா என்ற பஃபரில் கரைத்துச் சுழற்றினால் கெரட்டினின் பெரும்பகுதி கரையாமல் அடியில் படியும் பெல்லட்டோடு போய்விடும் என்பதால், செல்களை நேரே 2% எஸ்டிஎஸ் (வலுவான டிடர்ஜென்ட்) சாம்பிள் பஃபரில் கொதிக்க வைத்தோம். எம்சிஎஃப்-7-இல் ஏஇ3 பிடிக்கும் கே8 சுமார் 52 கிலோடால்டனிலும் (புரத எடையின் அலகு), ஏஇ1 பிடிக்கும் கே19 சுமார் 40-இலும் வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. ஃபைப்ரோபிளாஸ்ட்டில் மட்டும் 57-ஐ ஒட்டி ஒரே ஒரு தடித்த பேண்ட். ஃபைப்ரோபிளாஸ்ட்டின் இழைப் புரதமான வைமென்டினின் எடை அது. வையலில் இருப்பது வைமென்டின் ஆன்டிபாடி என்றுதான் எங்கள் முடிவு.

ஹீலா படம் எப்படி ஏமாற்றியது என்பது இப்போது புரியும். ஹீலா செல்லில் கெரட்டினும் உண்டு, வைமென்டினும் உண்டு. இரண்டில் எதைப் போட்டாலும் அது இழை காட்டும். ஹீலாவை மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தால், தட்டில் புகுந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டையெல்லாம் எபிதீலியல் என்று எண்ணி ஆய்வையே கெடுத்திருப்போம். நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். முதலில், "சிட்ரேட் பிஎச் 6-இல் ஆன்டிஜென் ரிட்ரீவல் செய்து பாருங்கள்." ஃபார்மலின் புரதங்களைக் குறுக்கே பிணைத்துவிடும், அந்தப் பிணைப்பைச் சூடாக்கி அவிழ்ப்பதுதான் ரிட்ரீவல். ஃபார்மலினில் ஊறிய பாரஃபின் வெட்டுகளுக்குத்தான் அது வேண்டும். மெத்தனாலில் வைத்த செல்லில் அவிழ்ப்பதற்குக் குறுக்குப் பிணைப்பே இல்லை. அடுத்து, "நீங்கள் உறையவிட்டு உருக்கிக் கெடுத்திருப்பீர்கள்." கெட்டுப்போன ஆன்டிபாடி எல்லாவற்றிலும் மங்கும், ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தேடிப்போய் ஒளிராது. படங்களை அனுப்பினோம். "டெக்னிக்கல் டீம் அழைப்பார்கள்" என்றார்கள், ஒருவரும் அழைக்கவில்லை. கடைசியாக, "7 நாளுக்குள் புகார் தந்திருக்க வேண்டும்" என்றார்கள். உறைந்த செல்லை எடுத்து வளர்த்து, ஸ்டெயின் செய்து, ப்ளாட் ஓட்டுவது 7 நாளில் முடிகிற வேலையா? ரூ.38,500-ஐ வாங்கும்போது இந்தக் கெடுவை ஒருவரும் சொல்லவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாக: பாசிட்டிவ் செல் படம் மட்டும் போதாது, அதே எக்ஸ்போஷரில் எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் படமும் கேளுங்கள். வையல் லேபிளிலேயே குளோன் பெயர் இருக்க வேண்டும், லாட் நம்பர் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியை வாங்காதீர்கள். பார்சல் வருவதற்கு முன்பே எம்சிஎஃப்-7-ஐயும் ஃபைப்ரோபிளாஸ்ட்டையும் கவர்ஸ்லிப்பில் தயாராக வையுங்கள், வந்த அன்றே ஸ்டெயின் செய்துவிடலாம். ஏஇ1/ஏஇ3 கே18-ஐப் பிடிக்காது, அதை எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

முழுத்தொகையையும் முன்பணமாகக் கட்டவே கட்டாதீர்கள். ரூ.38,500 கட்டிய அந்த வையல் இன்னும் முக்கால்வாசி மிச்சத்தோடு எங்கள் ஃப்ரிட்ஜில், "கெரட்டின் அல்ல" என்ற சிவப்பு டேப்போடு கிடக்கிறது.